பெயர் பெற்ற உணவும் பெயருக்குரிய அமானிதமும்



சென்ற மாதம் மதரஸாவில் உண்பதன் ஒழுங்குகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்குதல், வலக்கரத்தால் உண்ணுதல், தனக்கு அருகில் இருப்பதிலிருந்து எடுத்தல் என ஒவ்வொன்றாக விளக்கினேன். இறுதியாக, நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்பதையும், விருப்பமிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடுவது அவர்களது வழக்கம் என்பதையும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து எடுத்துச் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாத், போன வாரம் கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது அந்தப் பெரிய பிரியாணிக் கடையில நீங்க குறை சொன்னீங்களே?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று.

அவன் சொன்னது உண்மை. சமவெளியில் ஒரு நிகாஹுக்குச் சென்றுவிட்டு மஹல்லாவினர் ஒரே வேனில் திரும்பினோம். வழியில், ஊரெங்கும் பேசப்படும் ஓர் உணவகத்தில் வண்டியை நிறுத்தினோம். நெடுநேரம் காத்திருந்த பின் வந்த பிரியாணியில் சோறு குழைந்திருந்தது. இறைச்சி வேகாமல் விறைத்திருந்தது. "இதற்கா இத்தனை பெயர்?" என்று நான் உரக்கச் சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். பரிமாறிய இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. மாணவன் கேட்டபோதுதான் உறைத்தது.

"நாளை பதில் சொல்கிறேன்" என்று அவனிடம் கூறினேன். அந்தப் பதிலையே இங்கு விரிவாக எழுதுகிறேன். பெயர் பெற்ற உணவகங்களும் ஊர்ப்பெயர் தாங்கிய உணவுகளும் தமக்குக் கிடைத்திருக்கும் புகழுக்குத் தகுதியானவைதாமா என்று ஆராய்வது ஒரு முஸ்லிமுக்குத் தகுமா? தகுமென்றால் எந்த அளவுக்குத் தகும்?

முதலில் இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். உணவைக் குறை கூறாத அதே நபி (ஸல்) அவர்கள், கடைவீதியில் குவிக்கப்பட்டிருந்த தானியத்தைக் கடந்து செல்லும்போது அக்குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்வு இது.

தட்டில் இருக்கும் உணவு அல்லாஹ் அளித்த ரிஸ்க். அதைப் பழிப்பது நன்றிகேடு. ஆனால் கடையின் முன்னே தொங்கும் பலகை வணிகரின் சொல். அந்தச் சொல் மெய்யா என்று கையை நுழைத்துப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. கடைவீதியைப் பொறுத்தவரை அது கடமையும்கூட. உணவைப் பழிப்பது வேறு; உணவின் பெயரால் சொல்லப்படும் கூற்றை எடை போடுவது வேறு. நான் செய்த தவறு, இரண்டாவதைச் செய்ய வேண்டிய இடத்தில் முதலாவதைச் செய்ததே.

இந்தப் பிரிவினை நம் நெல்லியாளத்தில் அன்றாடம் தேவைப்படுகிறது. பந்தலூர், தேவாலா பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்களும் மலையாளம் பேசும் குடும்பங்களும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றன. தொழுகை முடிந்து வாசலுக்கு வந்தவுடன் தொடங்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு: ஆம்பூர் பிரியாணியா, திண்டுக்கல் பிரியாணியா, தலச்சேரி பிரியாணியா? வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆம்பூரைத் தவிர மற்றவை பிரியாணியே அல்ல என்பார். மலபார் வழியினர், நெய்ச்சோறும் மசாலாவும் தனித்தனியே பக்குவமாகித் தம்மில் சேராதது வெறும் கலவைச் சோறு என்பார்கள். விளையாட்டாகத் தொடங்கும் இப்பேச்சு சில வேளைகளில் ஒருவர் வீட்டு விருந்தை மற்றவர் இகழ்வதில் முடிவதையும் கண்டிருக்கிறேன்.

இதற்கும் நபிகளாரின் வாழ்வில் வழிகாட்டல் இருக்கிறது. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார். இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்; நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு தான் வளர்ந்த மண்ணுக்கு உரியது என்பதை இதைவிட அழகாக விளக்க இயலுமா? ஓர் ஊரின் உணவு நமக்குப் பிடிக்காமல் போவது அந்த ஊரின் குற்றமன்று. நம் குற்றமும் அன்று.

ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பா அரிசியே உயிர். ஆம்பூரில் காய்ந்த மிளகாய் விழுது நிறமும் காரமும் தர, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிரும் வரும். ஆற்காடு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து இம்முறை பரவியதாக அவ்வூரார் கூறுவர். திண்டுக்கல் முறையில் மிளகும் சின்ன வெங்காயமும் முன்னிற்கும். தயிரும் எலுமிச்சையும் புளிப்பைச் சேர்க்கும். தலச்சேரியில் அரிசி வேறு, மசாலா வேறாகச் சமைத்து, அடுக்கி, மூடியின் விளிம்பை மாவினால் அடைத்து, மேலே தணலிட்டுத் தம் போடுவார்கள். அங்கு பயன்படும் சிறுமணி அரிசிகளில் ஜீரகசாலையும் ஒன்று. நம் எல்லைக்கு அப்பால் வயநாட்டு வயல்களில் விளைந்து, புவிசார் குறியீடும் பெற்ற அரிசி அது. நம் பந்தலூர், கூடலூர்ப் பகுதியே 1877 வரை மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாகத்தான் இருந்தது. புகழ் தலச்சேரிக்கு, ஆனால் அதன் நறுமணத்தில் வயநாட்டு உழவரின் வியர்வையும் இருக்கிறது. அந்த உழவரை எவரும் பாராட்டிக் கேட்டதில்லை.

எனவே முதல் வினாவுக்கு என் விடை இது: இம்மூன்று உணவுகளும் தம் புகழுக்கு முற்றிலும் தகுதியானவை. ஒவ்வொன்றும் ஒரு மண்ணின் அரிசியையும் நீரையும் கைப்பழக்கத்தையும் தாங்கி வந்திருக்கிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவும் இல்லை, பயனும் இல்லை.

உணவகங்களைப் பற்றி அவ்வாறு சொல்லிவிட இயலாது. உணவின் புகழ் தலைமுறைகளுக்கு உரியது. உணவகத்தின் புகழோ அன்றன்று சம்பாதிக்க வேண்டியது. திண்டுக்கல் தலப்பாக்கட்டியின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய சிறு கடை அது. அவர் கட்டியிருந்த தலைப்பாகையே மக்கள் வாயில் கடைக்குப் பெயராயிற்று. ஒருவரின் கைப்பக்குவத்துக்கு மக்கள் அளித்த பட்டம் அது. பின்னாளில் அப்பெயருக்கு உரிமை கோரும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் அன்பாகச் சூட்டிய பெயர், நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய சொத்தாக மாறிவிட்டது.

ஒரு பெயரை யார் எழுதிக்கொள்ளலாம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யலாம். அப்பெயருக்கு இன்றைய தேக்சாவில் இருக்கும் சோறு தகுதியானதா என்பதை எந்தத் தீர்ப்பும் முடிவு செய்யாது. சீரகச் சம்பா மிகவும் சிறிய அரிசி. பதத்துக்கும் குழைவுக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கின்றன. நடுப்பகலில் திறந்த தேக்சாவின் சோறும், மூன்று மணி வரை சூட்டில் கிடந்த சோறும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு கடை நூறு பேருக்குச் சமைத்தபோது பெற்ற பெயரை, பல ஊர்களில் பல்லாயிரம் பேருக்குச் சமைக்கும்போதும் அப்படியே காப்பது கடினம். காக்கும் கடைகளும் உண்டு. அவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். பலகையில் எழுதிய ஆண்டு மட்டும் அதற்குச் சான்றாகாது.

பெயரோடு அதைச் சம்பாதித்த மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா ஒத்திவைக்கப்பட்டது. யாருடைய அடுப்பில் என்ன வேகலாம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஓர் ஊரின் உணவுக்குப் பெயர் தேடித் தந்தவர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை மட்டும் பந்தியில் வைப்பது நீதியாகாது. புகழைப் பங்கிடும்போதும் அளவை சரியாக இருக்க வேண்டும்.

பிற ஊர்களை எடை போட்டுவிட்டு நம் மலையை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் நம்மிடம் கேட்பவை மூன்று: வர்க்கி, சாக்லேட், தேயிலை.

ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் எங்கும் கிடைக்கும். ஆனால் வாழைப்பழம், ரவை முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் 'மாவா' என்ற காடியும், விறகடுப்பும், இந்த மலைக் குளிரும் சேர்ந்தால்தான் அந்த அடுக்கும் மொறுமொறுப்பும் வரும். சூடான தேநீரோடு இங்கேயே உண்டால் அது தன் புகழுக்குத் தகுதியானது. அதையே சமவெளிக்குக் கொண்டுபோய்ச் சில நாள் கழித்து, நமத்துப்போன பின் உண்டுவிட்டு "என்ன பெரிய வர்க்கி" என்பவர், வர்க்கிக்கு நீதி செய்தவராகார். ஊட்டியைக் காணாத அடுமனைகளில் செய்து 'ஊட்டி வர்க்கி' என்று விற்பவரும் நீதி செய்தவராகார்.

'வீட்டுத் தயாரிப்பு' என்று எழுதி விற்கப்படும் சாக்லேட்டைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் சொல்ல எனக்கு இயலவில்லை. கொக்கோ மரம் ஊட்டியின் குளிரில் விளைவதில்லை. பல கடைகளில் நடப்பது, ஆலையில் செய்த கட்டிகளை வாங்கி உருக்கி, முந்திரியோ உலர்திராட்சையோ கலந்து அச்சில் ஊற்றும் வேலையே. அக்கட்டிகளில் பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்கி வார்ப்பது ஹலாலான தொழில்தான்; அதில் இழிவு ஏதுமில்லை. கொக்கோ வாங்கி முறையாகச் செய்பவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் 'வீடு' என்ற சொல்லின் வாசனையை மட்டும் விற்கும்போது, மேலே உலர்ந்த தானியத்தையும் உள்ளே ஈரத்தையும் வைத்த அந்தக் குவியல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நீலகிரித் தேயிலையின் நறுமணம் உலகறிந்தது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆயினும் சாயம் ஏற்றிய கலப்படத் தூளும் இதே மலையின் பெயரால் விலைபோன கதை நமக்குத் தெரியும். இங்கு இன்னொரு கணக்கும் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் கழகமாக ஆன டேன்டீயின் தோட்டங்கள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. அட்டை கடிக்கும் மழையிலும் யானை நடமாடும் பனியிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளே இத்தேயிலையின் உண்மையான முகவரி. புகழ் கோப்பையில் நின்றுவிடுகிறது. கைகளுக்குப் போய்ச் சேருவதில்லை.

சரி, ஒரு குடும்பத் தலைவர் இவற்றையெல்லாம் எப்படி எடை போடுவது? குகைத் தோழர்களின் வரலாறு நமக்குத் தெரியும். நெடுந்துயில் கலைந்து எழுந்த அந்த இளைஞர்கள் தங்களில் ஒருவரை வெள்ளிக்காசுடன் நகரத்துக்கு அனுப்பினார்கள். எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வரவும், மென்மையாக நடந்துகொள்ளவும் அவரிடம் சொன்னதாக அல்கஹ்ஃப் அத்தியாயம் கூறுகிறது. பசித்திருந்தவர்கள் அவர்கள். பெயர் பெற்றது எது, வரிசை நீளமானது எங்கே என்று கேட்கச் சொல்லவில்லை. தூய்மையைக் கேட்கச் சொன்னார்கள்.

நாமும் அதே வினாவிலிருந்து தொடங்கலாம். இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தார்கள் என்று கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா? எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு என்று சொல்கிறாரா? அளவு சரியாக இருக்கிறதா? தீர்ந்துவிட்டால் "தீர்ந்துவிட்டது" என்று சொல்லிக் கடையை மூடுகிறாரா, அல்லது நேற்றையதைச் சூடாக்கித் தருகிறாரா? பரிமாறுபவர்களை எப்படி நடத்துகிறார்? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், அது பெயர் பெறாத கடையாக இருந்தாலும் புகழுக்குத் தகுதியானது. கிடைக்காவிட்டால் நூறாண்டுப் பெயர் இருந்தும் பயனில்லை.

எடை போடுபவருக்கும் வரம்பு உண்டு. இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் ஒரு விரல் தட்டலில் நட்சத்திரம் கொடுக்கிறார்கள், பிடுங்கவும் செய்கிறார்கள். அது ஒரு சாட்சியம் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதற்காகவோ ஆலோசனை கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதற்காகவோ குறை கூறுவதை, அனுமதிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எடுத்துரைக்கிறார்கள். பார்ப்பவரைச் சிரிக்கவைக்க ஒரு சமையல்காரரைக் கேலி செய்வது அந்த அனுமதிக்குள் வராது. இலவசமாக உண்டுவிட்டு அதை மறைத்துப் புகழ்வதும் வராது. அது பொய்ச் சாட்சியின் வாசலில் நிற்பது. ஒரு நாள் உண்டதை வைத்து ஒரு கடையின் ஆயுளுக்கும் தீர்ப்பு வழங்குவதும் அநீதியே. நான் சென்ற உணவகத்தின் பெயரை இங்கு எழுதாததற்கு அதுவே காரணம். ஒரே ஒரு பகற்பொழுதுக்குத்தான் நான் சாட்சி.

இவையெல்லாம் நாக்கைப் பற்றிய பேச்சாக மட்டும் நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதில் நம் குடும்பங்களின் பணமும் மானமும் கலந்திருக்கின்றன. பெயர் பெற்ற கடைக்கு ஐந்து பேராய்ச் சென்று உண்டால், தோட்டத்தில் கூலி வேலை செய்பவருக்குச் சில நாள் உழைப்பு ஒரு வேளையில் கரைந்துவிடும். அதைவிட வருத்தம் தருவது வலீமா விருந்துகள். "இன்ன ஊர்ப் பிரியாணி" என்று அழைப்பில் சொல்லிக்கொள்வதற்காகவே கடன் வாங்கித் தொலைவிலிருந்து தருவிக்கும் வழக்கம் மெல்லத் தலைகாட்டுகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் சோறு ஆறிப்போய் வருகிறது. மிஞ்சியது குப்பைக்குப் போகிறது. அதே மஹல்லாவில், நம் தந்தையரின் நிகாஹுக்கும் நம் நிகாஹுக்கும் விறகு ஊதி, தேக்சாவின் மூடியில் காதை வைத்தே தம்மின் பதம் அறிந்த பண்டாரி, விருந்தாளியாக ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பலகை கிடையாது; நட்சத்திரம் கிடையாது. அவர் கையோடு அந்தப் பக்குவமும் ஒரு நாள் மண்ணுக்குள் போய்விடும்.

சகோதரர்களே, அடுத்த விருந்துக்கு முதலில் அவரை அழையுங்கள். அவருக்கு உதவியாக இரண்டு இளைஞர்களையும் அனுப்புங்கள். ஆம்பூருக்கும் தலச்சேரிக்கும் புகழ் வானத்திலிருந்து விழவில்லை. அந்த ஊரார் தம் சமையற்காரரை மதித்ததால் வந்தது.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனை அருகில் அழைத்தேன். "நீ கேட்டது சரி. நான் உணவைக் குறை சொன்னேன். அது என் தவறு. காசு வாங்கிக்கொண்டு சொன்னபடி தராத கடை முதலாளியிடம் தனியாக, மென்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். தவறு செய்யாத பையன் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ அந்த அண்ணன்கிட்ட மாப்புக் கேக்கணுமா உஸ்தாத்?" என்றான். ஆம் என்றேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது இறங்கிச் சென்று கேட்பேன். அவன் இருந்தால், அங்கேயே அமர்ந்து ஒரு தட்டு உண்பேன். எப்படி இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எழுவேன்.

தூய்மையானதைத் தேடும் கண்ணையும், குறை காணும் இடத்தில் மென்மையான நாவையும், பெயர் பெறாத நல்லவர்களை அடையாளம் காணும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.